பூட்டம்மாவும் பதினோரு காய்களும்

கிணற்று வாளியைச் சங்கிலியில் கோத்துப் பூட்டிவைக்கிற வீடு அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான். வாளி திருடுகிறவர்கள் வாழும் தெரு அல்ல அது. வாளியும் திருடத் தகுந்ததல்ல. அடியில் இரண்டு இடத்தில் தார் வைத்து அடைத்தது. ஆனாலும் பூட்டு தொங்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். "தண்ணியில ஒண்ணும் இல்ல, அது பூட்டம்மா வீடு" என்று பதில் வரும். மிச்சம் ஒரு வாரத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும்.

பூட்டம்மாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆள் குள்ளம், நடை வேகம், கண் அதைவிட வேகம். யாராவது சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரித்தார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பாள். சாமான் வாங்கினால் தராசுத் தட்டை மாற்றிப் போட்டு இன்னொரு தரம் நிறுக்கச் சொல்வாள். புதுப் பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வருமே, ஒன்று இடுப்பு வளையத்துக்குப் போகும், மற்றது அரிசி டின்னின் அடிக்குப் போகும். அந்த இரண்டாவது சாவியை அவள் கணவரிடம்கூடக் கொடுத்ததில்லை.

கணவர் தையல்காரர். முன்னறையில் ஜன்னல் ஓரமாக மெஷினைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து வெளிச்சம் இருக்கும் வரை மிதிப்பார். அவர் பேச வேண்டியதில் பாதியை மெஷினே பேசிவிடும். கோபம் வந்தால் மிதி வேகமாகும், யோசனை வந்தால் நின்று நின்று போகும். "என்னை மட்டும்தான் இன்னும் பூட்டல. எனக்கு ஏத்த சைஸ் கடையில கிடைக்கல போல" என்று துணி கொண்டுவருகிறவர்களிடம் எப்போதாவது சொல்வார். சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்வார்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் அல்ல. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், அதில் நாற்பத்து மூன்று தென்னை. கல்யாணமான நாலாம் வருஷம் ஒரு நாற்று வியாபாரி வந்தான். சலவைச் சட்டை, கையில் படப் புத்தகம். ஒரு படத்தில் குலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை உட்கார்ந்த வாக்கில் காயைத் தடவிக்கொண்டிருந்தது. மூன்றே வருஷத்தில் காய்க்கும் என்றான். அவள் இருபது மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் அவனுடைய கன்றுகளை நட்டாள். மூன்று வருஷம் போயிற்று. ஐந்து போயிற்று. ஒன்பதாம் வருஷம் முதல் பாளை வெடித்தது. நாலே நாலு குரும்பை இருந்தது, அதுவும் இரண்டு வாரத்தில் கொட்டிப்போனது. வியாபாரி கொடுத்த விலாசத்தைத் தேடிப் போனால் அங்கே ஒரு சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில்தான் அவள் முதல் பூட்டை வாங்கினாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து எதில் மாட்டலாம் என்று சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டது வாளி.

பிறகு வாடல் நோய் வந்தது. ஓலை மஞ்சளடிக்கும், விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளையும், குரும்பை கொட்டும், கடைசியில் கொண்டை சாயும். மூன்று வருஷத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கத் தலையில்லாத கம்பங்கள் நின்றன. அவள் நிலத்தில் மிஞ்சியது பதினான்கு. அதில் பதின்மூன்று இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றன. கிணற்றை ஒட்டி நின்ற ஒன்று மட்டும் எதுவும் நடக்காதது போலப் பச்சையாக இருந்தது. அதை யாரும் நட்டதில்லை. என்றைக்கோ வடிகால் பள்ளத்தில் உருண்டு விழுந்த காய் தானாக முளைத்து நின்ற மரம். செத்த மரங்களுக்கு நடுவே அது நின்ற நிற்பைப் பார்த்தால், துக்க வீட்டுக்குத் தெரியாமல் புதுத்துணி உடுத்தி வந்துவிட்ட ஆள் மாதிரி இருக்கும்.

அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் ஒரு நாள் ஜீப் வந்து நின்றது. தென்னை ஆராய்ச்சி நிலையத்து அலுவலர் இறங்கினார். கூடவே தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு அம்மாள். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏதோ தீவு நாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். பூட்டம்மா அவருக்கு அன்றைக்கே தீவம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். கேட்டைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரப் பேச்சும் கேட்டுக்கு மேலாகவே நடந்தது.

அலுவலர் பொறுமையாகச் சொன்னார். ஐந்து நாடுகள் கூட்டாகச் செய்கிற வேலை. எல்லா இடத்திலும் இதே நோய், எல்லா இடத்திலும் சாகிறது சின்ன விவசாயிகளின் மரம். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஒன்றிரண்டு மரம் நோய்க்கு அசையாமல் நிற்கிறது. ஒரு நாட்டு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு நாட்டு மரத்துக்குக் கொடுத்தால், இரண்டு பக்கத்துத் தெம்பும் சேர்ந்த கன்று கிடைக்கும். அதை ஐந்து நாட்டு மண்ணிலும் வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் உங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் முதலில்.

மூன்று வருஷத்தில் காய்க்கும் என்றவனும் இதே மாதிரி பொறுமையாகத்தான் சொன்னான் என்று பூட்டம்மா நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு கன்னைக் கொண்டாந்து குடுப்பீங்க. அது என் மரத்தோட பிள்ளைதான்னு என்ன அத்தாட்சி?"

அலுவலர் தலையைச் சொறிந்தார். தீவம்மா என்னவென்று கேட்டு, மொழிபெயர்த்துச் சொன்னதும் சிரித்தார். சிரித்தது மட்டுமல்ல, பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதியும் வைத்துக்கொண்டார். பூட்டம்மாவுக்கு அதிலிருந்து தூக்கம் கெட்டது. கேள்வியை எதற்கு எழுதிக்கொள்ள வேண்டும்?

ஆனாலும் சம்மதித்தாள். சந்தேகப்படுகிறவர்களின் கணக்கே தனி. விரட்டிவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் போகும். பக்கத்தில் வைத்துக்கொண்டால் கண்ணால் பார்க்கலாம். ஒப்பந்தத் தாளைத் தையல்காரர் இரண்டு தரம் உரக்கப் படித்தார். மூன்றாம் தரம் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

அடுத்த வாரம் மரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண் எழுதிவிட்டுப் போனார்கள். எண் போட்ட மரம் என்றால் ரோடு போட வெட்டுகிற மரம் என்றுதான் அவளுக்குத் தெரியும். அரிவாளை எடுத்துச் சுரண்டினாள். மறுபடி எழுதினார்கள். மறுபடி சுரண்டினாள். மூன்றாம் தரம் அலுவலர் ஒரு தகரத் துண்டில் எண்ணை எழுதிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். கழற்ற முடிகிற பொருள் என்பதால் அதை அனுமதித்தாள்.

மகரந்தம் சேர்க்கிற வேலை ஏணியுடையது. ஏணி என்பது ஆள். ஒடிசலாக, ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக வளர்ந்த மரமேறி. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் காய் வெட்டுகிறவன், நிலையத்துக்கும் கூப்பிட்டால் போகிறவன். பாளை வெடித்ததும் மேலே ஏறி ஆண் பூக்களை உருவிவிட வேண்டும். காற்றும் தேனீயும் வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவராதபடி பாளைக்குத் துணிப்பை மாட்ட வேண்டும். பெண் பூ பக்குவப்படுகிற நாட்களில் தினமும் ஏறி, பையின் ஓரத்து வாயைத் திறந்து, தீவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மகரந்தத்தை ரப்பர் குமிழால் ஊதிவிட்டு, வாயைத் திரும்பக் கட்ட வேண்டும்.

நிலையம் கொடுத்த பை முதல் நாளே தையல் விட்டது. தையல்காரர் அதை வாங்கிப் பார்த்து, "இது தலகாணி உறை தைக்கிற தையல்" என்றார். அவரே நெருக்கமாக ஒன்று தைத்துக் கொடுத்தார். நிலையத்துக்கு அது பிடித்துப்போய் நாற்பது பை தைக்கச் சொன்னார்கள். பையில் பூட்டு மாட்டலாமா என்று பூட்டம்மா கேட்டாள். பாளை ஒடிந்துவிடும் என்று ஏணி சிரித்தான். சரி, பூட்டு இல்லை என்றால் நூல். கணவரின் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்தாள். தினமும் வாயைக் கட்டுவது அவள் கொடுக்கிற துண்டால். மறுநாள் திறக்கும்போது வெட்டிய பழைய துண்டைக் கீழே போட வேண்டும். அவள் பிடித்து, முடிச்சைப் பார்த்து, டப்பாவில் போட்டுக்கொள்வாள்.

"உங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கும்போதும் இப்படித்தான் முடிச்சைச் சோதிச்சீங்களாக்கா?" என்று ஏணி மேலிருந்து கேட்டான்.

"அப்ப எனக்கு விவரம் பத்தல" என்றாள் கீழேயிருந்து. உள்ளே மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

ஒன்பது நாள், ஒன்பது சிவப்பு நூல். எட்டைப் பிடித்துவிட்டாள், ஒன்று மட்டும் கிணற்றில் விழுந்தது, அதையும் வாளி விட்டு எடுத்தாள். அந்தக் குலையில் பதினோரு காய் நின்றது.

காய்க்கு எட்டு மாதம் இருக்கும்போது அலுவலர் அவளை நிலையத்துக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக்காட்டினார். உங்கள் காயை என்ன செய்யப்போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், சந்தேகம் தீரும் என்றார். அங்கேதான் வினை.

வெள்ளைச் சுவர், மருந்து வாசனை, செருப்பைக் கழற்றச் சொன்ன அறை. அவள் கொண்டுபோயிருந்த வேறொரு மரத்து முற்றிய காயை ஒரு பெண் மேஜையில் வைத்து உடைத்தாள். கண் இருக்கிற பக்கத்தில் ஒரு குழாயைச் செருகித் திருகினாள். பருப்போடு ஒரு துண்டு வந்தது. அதற்குள்ளிருந்து சின்னப் பல் அளவுக்கு வெள்ளையாக ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குழாயில் இறக்கி மூடினாள். அதுதான் கரு; முழுக்காயைக் கடல் தாண்டி அனுப்பினால் நோயும் கூடப் போகும், இப்படி அனுப்பினால் போகாது, குழாய்க்குள்ளேயே முளைத்துவிடும் என்று விளக்கினாள். பிறகு மிச்சத் தேங்காயைப் பாலித்தீன் பையில் போட்டு, "இதை நீங்க எடுத்துக்கலாம்மா" என்று நீட்டினாள்.

பூட்டம்மா பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மூடிகளின் உட்புறம் வெளுப்பாகத் தெரிந்தது. உயிரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், சதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்குத் தன் பதினொன்றையும் இப்படித்தான் செய்வார்கள். பதினோரு பல், பதினோரு குழாய், பதினோரு விமானம். தன்னிடம் என்ன மிஞ்சும்? ஒரு பாலித்தீன் பை. கண்டக்டர் டிக்கெட் கேட்டது அவள் காதில் விழவில்லை.

குலை இறங்கியது ஒரு காலைப் பொழுதில். விதைக்காயைத் தரையில் விழவிடக் கூடாது என்பதால் ஏணி கயிற்றில் கட்டி இறக்கினான். அலுவலர் நீலப் பெயிண்டால் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டார். நிலையத்து ஜீப் பழுதாகி இருந்தது. ஒரு வாரம் உங்கள் சாமான் அறையிலேயே பூட்டி இருக்கட்டும், உங்கள் பூட்டைவிட நல்ல பூட்டு எங்களிடம் இல்லை என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பெயிண்ட் டப்பாவையும் மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம். தெரு உண்டு படுத்திருந்தது. பூட்டம்மா தொரட்டியை எடுத்துக்கொண்டு வேலியோர மரத்துக்குப் போனாள். அது சாய்ந்து வளர்ந்த மரம், நோய் பாதி தொட்டது, ஆனால் காய் பார்வைக்குக் கிணற்று மரத்துக் காய் மாதிரியே இருக்கும். பதினொன்றை வைக்கோல் மேல் விழ வைத்தாள். அறையைத் திறந்தாள், உட்கார்ந்தாள், ஒவ்வொன்றாக எடுத்து அலுவலரின் கையெழுத்தைப் பார்த்து அப்படியே எண்ணை எழுதினாள். நாலுக்குக் கால் கொஞ்சம் நீளம், ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. அதுவும் பிசகவில்லை.

நிஜமான பதினொன்றையும் பழைய குளியலறைக்குக் கொண்டுபோனாள். கூரை போய்விட்ட நாலு சுவர், தரையில் மணல் சேர்ந்திருந்தது, கிணற்று வடிகால் உள்ளே வந்து போகும். முளைப்பதற்கு அதைவிட நல்ல இடம் நிலையத்திலேயே இருக்காது. காய்களை மணலில் பாதி புதைத்து, கதவைச் சாத்தி, புதுப் பூட்டு ஒன்றைப் போட்டாள்.

முன்னறைக்கு வந்தபோது தையல்காரர் தலை நிமிர்ந்தார். அவள் விரல் நுனிகளில் நீலம். ஒரு வெட்டுத்துணியை எடுத்து, மெஷினுக்குப் போடும் எண்ணெயில் நனைத்து நீட்டினார். அவள் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மெஷின் நின்று நின்று ஓடியது.

ஜீப் வந்தது. வேலியோர மரத்துக் காய்கள் மரியாதையாக ஏறிப் போயின. கண்ணாடிக் குழாய்களில் இறங்கி, கடல் தாண்டி, எங்கெங்கோ முளைத்தன. குளியலறைக்குள்ளும் முளைத்தன. பதினொன்றில் நாலு அழுகிப்போய், ஏழு நின்றது. அவள் தினமும் விடிந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு பார்ப்பாள். ஈட்டி மாதிரி முதல் முளை, பிறகு மடிப்பு விடாத விசிறி மாதிரி இலை. தன் மரத்தின் பிள்ளைகள் தன்னிடமே இருக்கின்றன. யாரையும் ஏமாற்றியதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஏமாறாமல் தப்பித்ததாகத்தான் தோன்றியது.

பத்தாம் மாதம் ஏணி வந்தான். தண்ணீர் கேட்டான். அவளே வாளியைத் திறந்து இறைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சும்மா நின்றான். நிலையத்தில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"என்னவோ டெஸ்ட் பண்ணாங்களாம்க்கா. கன்னுல தீவு மரத்தோட அடையாளமே இல்லையாம். நான்தான் ஒழுங்கா ஊதாம ஏமாத்திட்டேன்னு முடிவு கட்டிட்டாங்க. ஒன்பது நாள் ஏறினேன், நீங்கதான் பாத்தீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. நீங்க யாரையும் நம்பாத ஆளுன்னு அவங்களுக்குத் தெரியும்."

அவள் வாளியைத் திரும்பப் பூட்டினாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அவன் போன பிறகு டப்பாவைத் திறந்து நூல்களை எண்ணினாள். ஒன்பது இருந்தது. எத்தனை தரம் எண்ணினாலும் ஒன்பதுதான். அவன் யோக்கியன் என்பதற்கு உலகத்திலேயே ஒரே அத்தாட்சி அந்த டப்பாவில் இருந்தது. அதை வெளியே எடுத்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஜீப் வந்தது. அலுவலர், தீவம்மா, பின்னால் ஒதுங்கினாற்போல ஏணி. கிணற்று மரத்து ஓலையில் ஒரு துண்டு வேண்டும் என்றார் அலுவலர். கன்றின் அப்பா யார் என்று பார்த்தாகிவிட்டது, அம்மாவையும் பார்த்துவிட வேண்டும், அதற்கு இவனையே ஏற்றிக் கடைசியாக ஒரு தரம் வெட்டச் சொல்லியிருக்கிறோம் என்றார். குரலில் பழைய பொறுமை இல்லை. தீவம்மா கேட்டையும் பூட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எது என்று பூட்டம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை.

முதல் தடவையாக அவர்களை முன்னறைக்குள் உட்காரவைத்தாள். நேரத்தைக் கடத்தத்தான். தையல்காரர் துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டார். எதற்காகத் திடீரென்று டெஸ்ட் என்று அவள் கேட்டாள்.

தீவம்மா போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பெண், வயது ஏறக்குறைய இவள் வயது. தகரக் கூரை வீட்டு வாசலில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொட்டியில் ஒரு சின்னத் தென்னங்கன்று. தீவம்மா சொல்லச் சொல்ல அலுவலர் தமிழில் சொன்னார். வலை பின்னிப் பிழைக்கிறவள். ஐஸ் பெட்டியில் வந்த மகரந்தம் இவள் வாசலில் நின்ற மரத்தினுடையதுதான். அந்தப் பக்கம் நோய்க்குத் தப்பி நின்ற ஒரே மரம். உங்கள் குலையில் ஊதி முடித்த நாலாம் மாதம் அங்கே புயல் வந்தது, மரம் வேரோடு போய்விட்டது. சேமிப்பில் வைத்திருந்த மிச்ச மகரந்தமும் கரண்ட் போய்க் கெட்டுவிட்டது. இங்கிருந்து போன கரு முளைத்து, முதல் கன்றை அவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை.

"வாங்காம என்ன சொன்னா?" என்றாள் பூட்டம்மா.

அலுவலர் தீவம்மாவைப் பார்த்தார். தீவம்மா அதே பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மேலே ஒரு தேதி, கீழே ஒரு தேதி, இரண்டுக்கும் நடுவே ஒரே வாக்கியம்.

"நீங்க கேட்டதையேதான் கேட்டாங்க. இது என் மரத்தோட பிள்ளைதான்னு என்ன அத்தாட்சின்னு. யாரோ ஒருத்தன் முந்தி அவங்ககிட்டயும் கன்னு வித்துட்டுப் போயிருக்கான். டெஸ்ட் பண்ணிக் காட்டுற வரைக்கும் மண்ணுல வைக்க மாட்டேன்னு தொட்டியிலேயே வச்சிருக்காங்க. அந்தம்மா பிடிவாதம் பண்ணலைன்னா எங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

பூட்டம்மா படத்தில் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறைத்தது கேமராவை அல்ல என்று தோன்றியது. தொட்டியில் இருந்த கன்றின் இலை வேலியோர மரத்து இலை. அதைப் பூட்டம்மாவைவிட யாருக்குத் தெரியும்? வலைக்காரி அதை நட்டிருந்தால் தண்ணீர் ஊற்றியிருப்பாள். மூன்று வருஷம், ஐந்து வருஷம், ஒன்பது வருஷம். விலாசம் தேடி வந்தால் இங்கே ஒரு தையல்கடை இருந்திருக்கும்.

குளியலறையில் இருப்பது தன் மரத்தின் பிள்ளை என்றுதானே இத்தனை நாள் நினைத்தாள். அதில் பாதி அந்த வலைக்காரியுடையது. புயலுக்குப் பிறகு அவள் மரத்தில் மிஞ்சியிருப்பதும் அது மட்டும்தான்.

வெளியே ஏணி தளைக்கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏறாத. இறங்கு."

"இன்னும் ஏறவே இல்லக்கா."

"அப்ப சும்மா நில்லு."

உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து அலுவலர் கையில் வைத்தாள். ஒன்பது நூல் இருக்கிறது, அவன் ஒன்பது நாளும் சரியாகத்தான் ஊதினான், அவன் மேல் தப்பில்லை என்றாள். பிறகு இடுப்பிலிருந்து வளையத்தை அவிழ்த்தாள். பதினாலு சாவியில் அது எது என்று தேட அவளுக்கு வெளிச்சம் தேவைப்பட்டதில்லை. அன்று மூன்று சாவியைத் தவறாகப் போட்டுப் பார்த்தாள். கதவு திறந்தது. ஏழு கன்றும் முழங்கால் உயரத்துக்கு வெயிலைப் பார்த்து நின்றன. மணலில் புதைந்த மட்டைகளில் நீல எண்கள் மங்கலாகத் தெரிந்தன.

அலுவலர் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றார். புரிந்ததும் முகம் சிவந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? அஞ்சு நாட்டு வேலைம்மா இது."

"நீங்க உசுரை எடுத்துக்கிட்டு சதையைத் திருப்பிக் குடுத்தீங்க தம்பி. எனக்கு வேற எப்படித் தோணும்?"

தீவம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு ஏழு வரை எண்ணினார். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். அலுவலர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்ன, என்ன என்று பூட்டம்மா இரண்டு தரம் கேட்ட பிறகு, "செத்துப்போச்சுன்னு நினைச்சது இங்க நிக்குதுன்னு சொல்றாங்க" என்றார்.

நல்லபடியாக எல்லாம் முடிந்ததாகச் சொல்லிவிட முடியாது. ஏழு கன்றிலும் துளி இலை எடுத்துப் பார்த்தார்கள். அப்பா அம்மா இரண்டும் சரியாக இருந்தது. ஆனால் கருவாக இருந்தபோது குழாயில் போயிருக்க வேண்டியவை இப்போது கடல் தாண்ட முடியாது. மண்ணில் வேர்விட்ட கன்று கூடவே நோயையும் கொண்டுபோகும் என்று எந்த நாடும் உள்ளே விடாது. இவை இங்கேயே வளர்ந்து பூக்க வேண்டும், பிறகுதான் மகரந்தமாக அங்கே போகலாம். ஆறு வருஷமோ ஏழு வருஷமோ. அதைக் கேட்டபோது பூட்டம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு ஏழு வருஷம் என்றால் என்ன என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நிலையத்தில் மன்னிப்புக் கேட்டார்களாம். பூட்டம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுக்கு அது வராது. அவன் வந்தபோது வாளியைப் பூட்டாமல் விட்டிருந்தாள். அவன் தானே இறைத்துக் குடித்தான். "இனிமே நூலை நான்தான் வச்சுக்குவேன், உங்களை நம்ப முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அது தெருவில் ஒரு வாரத்துப் பேச்சானது.

ஏழு கன்றையும் செத்த மரங்களின் குழிகளுக்குப் பக்கத்தில் விலக்கி நட்டார்கள். சுற்றிலும் நிலையம் கம்பிவேலி போட்டுக் கதவு வைத்தது. பூட்டு யாருடையது என்பதில் பேச்சே எழவில்லை.

தீவம்மா ஊருக்குப் புறப்படுகிற நாளில் பூட்டம்மா அரிசி டின்னைக் கவிழ்த்து அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். வேலிப் பூட்டின் இரண்டாவது சாவி. தையல்காரரிடம் சொல்லி அதற்கு ஒரு சின்னத் துணிப்பை தைத்து வாங்கினாள், வாயைச் சிவப்பு நூலால் கட்டினாள். அவர் தைத்து முடித்துவிட்டு, "எனக்கே குடுத்ததில்ல" என்றார். குறையாகச் சொன்னாலும் முகம் அப்படி இல்லை.

"அந்த வலை பின்றவகிட்ட குடுங்க" என்றாள் தீவம்மாவிடம். "அவ வரப்போறதில்ல, எனக்கும் தெரியும். ஆனா அவ பங்குக்கு அவகிட்ட ஒண்ணு இருக்கணும்."

அலுவலர் அதை மொழிபெயர்த்தார். தீவம்மா பையைக் கைப்பைக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பும்போது பூட்டம்மா ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள்.

"சேர்ந்துச்சான்னு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சும்மா சேர்ந்துருச்சுன்னு வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

ஐந்து வாரம் கழித்துப் படம் வந்தது. தகரக் கூரை வீட்டின் உட்சுவரில் ஓர் ஆணி, ஆணியில் வலை பின்னுகிற ஊசி, அதற்குப் பக்கத்தில் சாவி. கீழே ஒரு வரிச் செய்தி. மாதம் ஒரு தரம் ஏழு கன்றையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் வேண்டுமாம், ஒன்று குறைந்தாலும் கேள்வி வருமாம். அலுவலர் படித்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பூட்டம்மா சிரிக்கவில்லை. நியாயம்தானே என்றாள்.

பிறகு போனை வாங்கி, கணவர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இடுப்பிலிருந்து அதே வேலிப் பூட்டின் தன் சாவியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டு சாவியின் பல்லையும் எண்ண ஆரம்பித்தாள்.